மழைக்குள் வற்றிய பீலி

பணிய லயத்தில் என்னோடு வளர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். இப்போது நீங்கள் கொழும்புக் கடைகளிலும், கட்டாரில் யார் யாருடைய வீடுகளிலும், தோட்டத்திலேயே கட்டிக்கொடுத்த புதுக் குடியிருப்பிலும் இருக்கிறீர்கள். எல்லோருக்கும் முப்பது தாண்டிவிட்டது. அந்தப் புயற்காலத்தைப் பற்றி நீங்கள் உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லி வருகிறீர்கள். போன மாதம் அதை என் காதாலேயே கேட்டேன். அந்தக் கதையில் ஓர் ஆளின் இடம் சரியாக இல்லை. அதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

முதலில் இடம், மறந்தவர்களுக்காக. ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள், அதுதான் நம் லயம்; மலையின் அடியில், பணிய இருந்தது. அதற்கு மேலே யாரும் வெட்டாமல் விட்ட பழைய றப்பர், அதற்கும் மேலே காடு. காட்டுக்குள் ஒரு பாறை இடுக்கில் ஊற்று. அங்கிருந்து ஒரு கறுப்புக் குழாய் மரவேர்களுக்கு நடுவில் இறங்கி வந்து சீமெந்துத் தொட்டியில் விழும். தொட்டியிலிருந்து இரும்புக் குழாய் நம் பீலிக்கு வரும். பீலியில் தண்ணீர் இரவு பகலாகக் கொட்டும். அது விழுந்த கல் நடுவில் குழிந்திருக்கும். அந்தக் குழியில் சவர்க்காரத் துண்டை வைத்தால் நழுவாது. பல் விளக்கியது, சட்டி கழுவியது, சண்டை பிடித்தது எல்லாம் அங்கேதான்.

அப்பாவுக்குத் தோட்டத்தில் தண்ணிக்காரர் என்று பெயர். அவர் றப்பர் மரத்தில் பால் வெட்டப் போகமாட்டார். ஊற்றிலிருந்து பீலி வரைக்கும் குழாயைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. அவரிடம் இருந்தவை ஒரு துருப்பிடித்த ஸ்பேனர், பழைய சைக்கிள் டியூபைக் கீறி எடுத்த பட்டைகள், மழைக்குத் தலையில் கொங்காணி போட்டுக்கொள்ள ஓர் உரச் சாக்கு. குழாய் எங்கே அடைத்திருக்கிறது என்று அறிய அதில் காதை வைப்பார். நான் கூட இருந்தால் என்னையும் வைக்கச் சொல்வார். உள்ளே தண்ணீர் ஓடுவது, தூங்குகிற ஆள் மூச்சு விடுவது போல் கேட்கும்.

மாமா அம்மாவின் தம்பி. கல்யாணமாகாதவர். எங்கள் ஒரே காம்பராவில் எங்களோடுதான் இருந்தார். நல்ல பால்வெட்டுக்காரர். அதைவிட நல்ல வாய்க்காரர். அவரிடம் தோல் உறை போட்ட ஒரு ரேடியோ இருந்தது. மழை நாளில் அதன் பற்றரிகளைக் கழற்றி அடுப்பு மேட்டில் சூடு காட்டிப் போட்டால் இன்னும் கொஞ்ச நேரம் பாடும். சூடான பற்றரியும் ஈரத் தோலும் கலந்த அந்த வாசனையை நான் வேறெங்கும் முகர்ந்ததில்லை. மாமா என்னை மடியில் வைத்துக்கொண்டுதான் செய்தி கேட்பார்.

அந்த வருடம் வங்காள விரிகுடாவில் புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒன்று கரையேறி ஓயும் முன்னே அடுத்தது கடலில் சுழன்றுகொண்டிருக்கும். ரேடியோ ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சொல்லும். அந்தப் பெயர்கள் நம் வாயில் நுழையாததால் மாமா வேறு பெயர் வைத்தார். முதலில் வந்ததற்குக் கங்காணி மனைவியின் பெயரை வைத்தார்.

“இது கங்காணி பொஞ்சாதி. வரும், கத்தும், போயிரும்,” என்றார். “அடுத்து வரப் போறதுதான் கணக்கப்புள்ள. வந்து ஒக்காந்தா எந்திரிக்காது.”

லயமே அதைச் சொல்லிச் சிரித்தது. கணக்கப்பிள்ளையின் காதுக்கும் போனது. சொன்னபடியே அடுத்த புயல் வந்து உட்கார்ந்தது.

மழை என்றால் றப்பர் தோட்டத்தில் பால் வெட்டு இல்லை. வெட்டின பட்டை வழியே மழைத் தண்ணீர் ஓடி, சிரட்டையில் இருக்கும் பாலைக் கெடுத்துவிடும். வெட்டு இல்லாத நாளில் வேலைப் பதிவில் பெயர் விழாது, சம்பளமும் இல்லை. ஆண்கள் காம்பராவுக்கு முன்னால் இஸ்தோப்பில் குந்தியிருந்து மழையைப் பார்ப்பார்கள். பெண்கள் விறகுப் புகையோடு மல்லுக்கட்டுவார்கள். எல்லாருடைய கையும் சும்மா இருக்க, வாய் மட்டும் வேலை செய்யும். அந்த வாரங்களில் நடந்த சண்டைகளை எண்ணினால் உடைந்த சட்டி, வழி தவறிய கோழி, யார் வீட்டுக் கூரைத் தண்ணீர் யார் வீட்டு வாசலில் விழுகிறது என்பவைதான் இருக்கும். பிறகு பீலி.

முதலில் பீலித் தண்ணீர் வெளுத்தது. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வந்தது. தேத்தண்ணி போட்டால் பால் ஊற்றியது போல் இருந்தது என்று யாரோ கேலி பேசினார்கள். பிறகு மெலிந்தது. பிறகு ஒரு காலையில் நின்றுவிட்டது. வெளியே குடம் குடமாக மழை. பீலியின் வாயில் ஓர் எறும்பு நடந்துகொண்டிருந்தது.

யாருக்கும் தாகம் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கூரைத் தகரத்திலிருந்து அண்டா அண்டாவாகத் தண்ணீர் பிடித்தோம். அதில் துரு வாசம் இருந்தது, அவ்வளவுதான். கோபம் வேறு இடத்திலிருந்து வந்தது. ஆற்றைப் பார்த்த பழைய பங்களாவைத் தோட்டத் துரை அந்த வருடம்தான் உல்லாசப் பயணிகளுக்குத் திறந்துவிட்டிருந்தார். றப்பர் படகில் ஆற்றில் இறங்கி வருகிற வெள்ளைக்காரர்கள் அங்கே தங்கினார்கள். மழையிலும் வந்தார்கள். அவர்கள் முற்றத்தில் குழாயைத் திருப்பிக் காலைக் கழுவுவது நம் லயத்திலிருந்து தெரியும்.

நம் லயத்துக்குச் சங்கத் தலைவர் ஒருவர் இருந்தாரே, பீடியை உள்ளங்கைக்குள் மறைத்துக் குடிப்பவர், அவர்தான் முதலில் சொன்னார். வானம் கொட்டுகிறது, பீலி காய்கிறது என்றால் நடுவில் யாரோ பங்களாப் பக்கம் திருப்பியிருக்கிறான் என்று. திருப்புகிற சாவி யாரிடம் இருக்கிறது என்று அவர் கேட்கவே தேவையில்லை. அப்பாவின் இடுப்பில் ஸ்பேனர் இருந்தது எல்லோருக்கும் தெரியும்.

பங்களாவுக்குத் தனிக் கிணறும் மோட்டாரும் இருந்தன. பங்களாக் காவல்காரர் ஒரு சிங்களவர்; அப்பாவோடு பழக்கம். அவரே லயத்துக்கு வந்து, நம் பீலித் தண்ணீர் தங்களுக்கு வருவதில்லை என்று சிங்களத்தில் சொன்னார். பங்களாச் சோறு தின்கிறவன் வேறு என்ன சொல்வான் என்று தலைவர் அதே சிங்களத்தில் பதில் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் விடிந்ததும் அப்பா ஊற்றைப் பார்க்கப் புறப்பட்டார். மாமாவும் போனார். இந்த ஒரு வரிதான் முக்கியம், அதனால் எனக்கு எப்படித் தெரியும் என்பதையும் எழுதுகிறேன்.

அவர்கள் திரும்பி வந்தபோது நான் அடுப்படியில் இருந்தேன். இருவருடைய காலிலும் அட்டை. அப்பாவின் காலை அம்மா பார்த்தார். மாமா என்னைக் கூப்பிட்டு, “பாப்பா, ஒன் மாமனக் காப்பாத்து,” என்று காலை நீட்டினார். நான் உப்பை அள்ளி அழுத்த அழுத்த அட்டைகள் சுருண்டு விழுந்தன. ஒவ்வொன்று விழும்போதும் மாமா செத்துப் பிழைப்பது போல் நடித்துக் காட்டினார். பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். விரல் இடுக்கில் வெள்ளை மண் இருந்தது.

நம் மலையில் மண் சிவப்பு. வெள்ளை மண், கடைக்காரர்கள் சிங்களத்தில் கிரிமெட்டி என்பார்களே, அது ஊற்றுப் பக்கத்தில் மட்டும்தான் இருந்தது. அப்பா முன்பு எனக்கு அதில் ஒரு கட்டி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். கதவில் எழுதிப் பார்த்து அடி வாங்கியிருக்கிறேன். அதனால் மாமாவிடம் எனக்கும் ஒரு கட்டி கொண்டுவந்தீர்களா என்று கேட்டேன். அடுத்த தடவை என்றார்.

அப்போது அப்பா அம்மாவிடம், ஊற்று இருந்த இடத்தில் குழி மட்டும் இருக்கிறது என்று சொன்னார். அவர் முகத்தில் கோபமில்லை, குழப்பம்தான் இருந்தது. மாமா குறுக்கே வந்து, “நாங்க ரெண்டு பேரும் கையப் போட்டுப் பாத்தோம்க்கா. வெறும் ஈரந்தான்,” என்றார். அது அம்மாவின் காதில் விழுந்தது. என் காதிலும் விழுந்தது.

அப்பா எதையும் முன்கூட்டி அறிந்தவர் அல்லர். மலை இறங்கி வரப் போகிறது என்று அவர் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. அத்தனை தண்ணீர் எங்கே போயிருக்கும் என்று மட்டும் அவர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மற்றவர்களும் போய்ப் பார்த்திருக்கலாமே என்று உங்கள் பிள்ளைகள் கேட்டால் இதைச் சொல்லுங்கள்: அன்றைக்கு மத்தியானமே ஓடை பெருகிப் பாதையை அறுத்துவிட்டது. தலைவர் அனுப்பிய இரண்டு பேர் பாதி வழியில் திரும்பி வந்தார்கள். ஆக, ஊற்று வற்றியதற்குச் சாட்சி அப்பாவும் மாமாவும்தான்.

மாமாவுக்கு அப்போது கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். பெண் தலைவரின் மகள். தை பிறந்ததும் தாலி. மாமா ரேடியோவில் பாட்டு வரும்போது அந்தப் பக்கம் திருப்பி வைப்பார், அவர்கள் காம்பராவுக்குக் கேட்கட்டும் என்று. லயத்தில் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரிப்போம்.

மழை சற்றுக் குறைந்த ஒரு மத்தியானம் பலாமரத்தடியில், மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் வைத்தார்கள். கோயில் என்றால் நான்கு தூணும் தகரமும்தான். மூன்று பக்கமும் திறந்திருக்கும். காற்று உள்ளே நுழைந்து மறுபக்கம் போகும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“வானம் கொட்டுது, பீலி காயுது,” என்றார் தலைவர். “தண்ணி என்னா, பறந்தா போச்சு?”

“நான் திருப்பலங்க,” என்றார் அப்பா. “ஊத்தே இல்ல. மச்சானும் எங்கூட வந்தான். அவனக் கேளுங்க.”

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா தலைவரைப் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. பலாமரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“நான் போகல.”

“என்னாடா சொல்ற?” என்றார் அப்பா.

“போகல அத்தான். மழைக்குப் படுத்துக் கெடந்தேன். நீங்கதான் தனியா போனீங்க.”

எனக்கு அது மாமாவின் நடிப்பு என்றுதான் முதலில் பட்டது. அட்டை விழும்போது செத்துப் பிழைத்த மாதிரி, இதற்கும் ஒரு முடிவு வரும், எல்லோரும் சிரிப்போம் என்று காத்திருந்தேன். வரவில்லை. நான் அம்மாவின் சேலையை விட்டுவிட்டு முன்னால் போனேன்.

“போனீங்கள்ல மாமா. நான்தானே அட்ட எடுத்தேன். வெள்ள மண்ணு இருந்துச்சே.”

கூட்டம் சிரித்தது. அப்பனுக்குப் பிள்ளை வக்கீல் என்று யாரோ சொன்னார்கள். மாமா குனிந்து என் தலையில் கையை வைத்தார். எப்போதும் வைக்கிற அதே கை, கொஞ்சம் றப்பர் பால் வாசத்தோடு.

“சின்னப் புள்ள நீ. ஒனக்கு என்னா தெரியும்,” என்றார். குரலில் கடுமை இல்லை. அன்பாகத்தான் சொன்னார்.

நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியானால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யட்டும் என்றார் தலைவர். வெளியில் வளர்ந்த உங்கள் பிள்ளைகளுக்கு இது தெரியாது: குற்றம் சாட்டப்பட்டவர் அம்மன் முன்னால் சூடம் கொளுத்தி, நான் செய்யவில்லை என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைக்க வேண்டும். அணைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. பிறகு யாரும் அவரை ஒன்றும் கேட்கக்கூடாது. அப்பாவுக்கு அதில் சந்தோஷம்தான். உடனே சட்டைக் கையை மடித்தார்.

பூசாரி வெற்றிலையில் சூடத்தை வைத்தார். நனைந்த பெட்டியில் குச்சிகள் வீணாகி, கடைசியில் ஒன்று பற்றியது. சூடம் எரிந்தது. அப்பா கையை உயர்த்தி, “அம்மா தாயே, நான்” என்று வாயைத் திறந்தார். அப்போது காற்று வந்தது. பலாமரம் முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்து எழுந்தது. தகரம் படபடத்தது. மழைச் சாரல் கோயிலுக்குள் அடித்தது. வெற்றிலை புரண்டது. சூடம் இல்லை.

பூசாரிதான் முதலில் சொன்னார், அம்மாளே ஊதிவிட்டாள் என்று.

தொங்கல் காம்பரா அக்கா, லயத்தின் கடைசி அறையில் தனியாக இருந்தவர், எனக்குத் தலை பின்னிவிடுவார், அவர் மட்டும், “இன்னொருக்கா கொளுத்துங்களேன். காத்துதானே,” என்றார்.

“அம்மாள என்னா தீப்பெட்டின்னு நெனச்சியா?” என்றார் பூசாரி. “ஒருக்காத்தான் கேக்கலாம்.”

அந்தக் காற்றிலும் தலைவர் கைக்குள் இருந்த பீடி அணையவில்லை. அவர் அதை இழுத்துவிட்டுப் புகையை விட்டார். எனக்கு அது தெளிவாக நினைவிருக்கிறது. அப்பாவுக்கும்.

இன்று நான் செய்கிற வேலையில் ஒரு சோதனை பாதியில் நின்றுவிட்டால், முடிவு இல்லை என்றுதான் எழுதுவோம். அப்பா சத்தியமே செய்யவில்லை. வாக்கியம் முடியவில்லை, கை இறங்கவில்லை. ஆனால் அன்று மாலையே அது பொய்ச் சத்தியம் என்று ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் காம்பராவுக்கு யாரும் நெருப்பு வாங்க வரவில்லை. நாங்கள் போனால் பேச்சு நின்றது. நீங்கள் என்னை விளையாட்டில் சேர்க்கவில்லை. உங்கள் வீட்டில் சொல்லியிருப்பார்கள், அதற்காக உங்களைக் குறை சொல்லவில்லை. தொங்கல் அக்கா மட்டும் கித்துள் கருப்பட்டியைக் கடித்துக் குடிக்கத் தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பார். அப்பா ஸ்பேனரைத் துடைத்துத் துடைத்து அதே இடத்தில் வைத்தார்.

மாமா அந்த வாரமே தலைவர் காம்பராவுக்குப் போய்விட்டார். உடுப்புகளை ஒரு பையில் அடைத்தார். ரேடியோவைத் தோளில் மாட்டினார். அம்மா வாசல் வரைக்கும் போய் அவரிடம் மெதுவாக ஏதோ கேட்டார். மாமா ரேடியோ வாரைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். அம்மா திரும்பி வந்து அப்பாவிடம், “அவன் கல்யாணம் முடியட்டுங்க. பொறவு அவனே சொல்லிருவான்,” என்றார். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். தொடர்ந்து பிசைந்தார்.

அன்றிரவு அந்தப் பக்கத்திலிருந்து ரேடியோ கேட்டது. இப்போது எங்கள் பக்கம் திருப்பி வைக்க யாரும் இல்லை.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். மழை ஓயாததைப் பார்த்துக் கிராம சேவகர் வந்து, எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்றார். ஆறு பெருகி லயத்துக்குள் வரும் என்று அவர் பயந்தார். மலையை அவரும் நினைக்கவில்லை. பாயும் சட்டியுமாக எதிர் மேட்டுக்கு ஏறிப் போனோம். தொங்கல் அக்கா கோழிகளை அடைத்துவிட்டு வருகிறேன் என்று திரும்பினார். பட்டப்பகல். முதலில் லொறி கவிழ்ந்தது மாதிரி ஒரு சத்தம், பிறகு அது நிற்கவே இல்லை. பள்ளிக்கூட ஜன்னலிலிருந்து பார்த்தபோது ஊற்றுப் பக்கத்துக் காடு நின்றபடியே இறங்கி வந்தது. மரங்கள் விழவில்லை, நடந்து வந்தன. கோயிலும் பலாமரமும் பீலியும் லயத்தின் பாதியும் போயின. தொங்கல் அக்காவை மூன்றாம் நாள் எடுத்தார்கள்.

பச்சை மண்ணும் நசுங்கிய இலையும் சேர்ந்த வாசம் மழைக்குள்ளும் நாள் கணக்கில் அடித்தது. சிவப்பு மலையில் நடுவே அகலமாக ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. அந்த வெள்ளை மண்.

இப்போது எனக்குத் தெரிந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன். மலைச்சரிவு உள்ளுக்குள் மெல்ல நகரத் தொடங்கும்போது நிலம் வெடிக்கும். தண்ணீர் பழைய வழியை விட்டு வெடிப்புக்குள் இறங்கும். அப்போது ஊற்று கலங்கும், அல்லது திடீரென நிற்கும். மழை கொட்டும்போது ஊற்று நின்றால் அந்த இடத்தை விட்டு ஓட வேண்டும். இதைப் படிக்க நான் பேராதனைப் பல்கலைக்கழகம் வரைக்கும் போக வேண்டியிருந்தது. நம் பீலி அதை நமக்குச் சொன்னது. நாம் அதை ஒரு திருட்டு என்று படித்தோம்.

ஆனால் பள்ளிக்கூடத்தில், ஈரப் பாய்களில் உட்கார்ந்து அன்றே ஒரு விளக்கம் தயாராகிவிட்டது. பொய்ச் சத்தியத்துக்கு அம்மாள் மலையையே இறக்கிவிட்டாள். தொங்கல் அக்காவுக்கு அழுதவர்கள் எங்கள் பக்கம் பார்த்து அழுதார்கள். எங்கள் பாயைச் சுற்றி ஓர் இடைவெளி விழுந்தது. மாமா அந்த வகுப்பறையின் மறு மூலையில், தலைவர் குடும்பத்தோடு இருந்தார். ஒரே ஒரு வாக்கியம் போதும். நானும் போனேன், ஊற்று வற்றித்தான் கிடந்தது. அவர் ரேடியோவைத் திறந்து பற்றரிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பாதை திறந்ததும் அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு மாவனல்லைக்குப் போனார். அங்கே ஒரு முஸ்லிம் நானாவின் ஹார்ட்வெயார் கடையில் வேலை கிடைத்தது. குழாய், டெப், வாஷர் எடுத்துக் கொடுக்கிற வேலை. இன்றும் அந்தக் கடைக்குப் பக்கத்தில்தான் குடியிருக்கிறோம். மாமாவின் கல்யாணத்துக்கு அம்மா மட்டும் போய் வந்தார். மாமா சொல்லிவிடுவார் என்ற பேச்சை அதன்பின் அம்மா எடுக்கவில்லை.

இப்போது போன மாதம்.

இந்த வருடமும் கடலில் ஒன்றை அடுத்து ஒன்றாகச் சுழற்சி. எங்கள் அலுவலகம் சரிவுகளில் இருக்கும் குடியிருப்புகளுக்கு ஆட்களை அனுப்பியது, மண்சரிவின் அறிகுறிகளை விளக்கிச் சொல்ல. என் பங்கில் நம் தோட்டத்துப் புதுக் குடியிருப்பும் வந்தது. மண்டபத்தில் நல்ல கூட்டம். சங்கத் தலைவர் வரவேற்றுப் பேசுவார் என்றார்கள். மாமா எழுந்து வந்தார். பழைய தலைவர் இறந்த பிறகு அவர்தானாம். முடி நரைத்திருக்கிறது, வாய் அப்படியே இருக்கிறது.

“இந்த மிஸ் யாருன்னு தெரியுமா?” என்று கூட்டத்தைக் கேட்டார். “எங்க அக்கா மக. எம் மடியில வளந்த புள்ள.”

கைதட்டினார்கள். முன்வரிசையில் உங்களில் சிலரின் அம்மாக்கள் இருந்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். வீட்டுக்குள் சொல்கிற கதை வேறு என்பதை எனக்குத் தேநீர் கொடுத்த பெண்ணின் மகள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள்: தண்ணீர் திருடிய ஒருவன் பொய்ச் சத்தியம் செய்தானாம், சாமி மலையைத் தள்ளிவிட்டதாம். அது யாரென்று அவளுக்குத் தெரியாது.

நான் படங்களைக் காட்டிப் பேசினேன். சுவரில் வெடிப்பு, சாய்ந்த மரம், கலங்கிய ஊற்று. ஊற்று நின்றுவிடுவதைப் பற்றிச் சொன்னபோது மாமா கையை உயர்த்தினார்.

“அத நான் அன்னைக்கே சொன்னேன் மிஸ். ஊத்துக்குப் போய்ப் பாத்து வந்து, தண்ணி நின்னுருச்சு, மல எறங்கும், ஓடுங்கன்னு கத்துனேன். ஒருத்தரும் கேக்கல.”

கூட்டம் தலையாட்டியது. அவர் இதை முன்பும் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது. எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிந்து நிறுத்தினார். முன்வரிசை அம்மாக்கள் மடியைப் பார்த்தார்கள்.

“ஊத்தப் பாக்க நீங்க போனீங்களா மாமா?”

“போனேனே பாப்பா.”

“யார்கூட?”

அவர் என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் நினைவிருந்தது. உப்பும் அட்டையும் நினைவிருந்தன. அதை நான் கண்டேன். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

“தனியாத்தான். அந்த மழையில வேற எவன் வருவான்?”

சிரித்தார்கள். நான் அடுத்த படத்துக்குப் போனேன். கூட்டம் முடிந்து புறப்படும்போது, அக்காவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். ஒரு பையில் றம்புட்டான் கொடுத்தார். பஸ்ஸில் அதை யாருக்கோ கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரம். அம்மா சூடம் ஏற்றிக்கொண்டிருந்தார். வழக்கம் போல் அப்பா வாசலுக்கு வெளியே வந்து நின்றார். சூடம் எரிந்து தீரும் வரைக்கும் அவர் உள்ளே வருவதில்லை, அந்த வருடத்திலிருந்து. பல காலம் அதைக் கோபம் என்று நினைத்திருந்தேன். சில வருடங்களுக்கு முன்புதான் என்னிடம், தலைவர் பீடி மட்டும் ஏன் அணையவில்லை என்று கேட்டார். காத்து எல்லாருக்கும் பொதுவாகத்தானே அடித்தது என்றார். அப்போதுதான் அது கோபம் அல்ல, அம்மாள் தன் சூடத்தை மட்டும்தான் ஊதினாளோ என்கிற பயம் என்று தெரிந்தது.

நான் நேரே அவரிடம் போனேன். இதைச் சொல்லத்தான் வழியெல்லாம் காத்திருந்தேன்.

“அப்பா, மாமா இன்னைக்கு ஒத்துக்கிட்டாரு. ஊத்துக்குப் போனேன்னு எல்லாருக்கும் முன்னால சொன்னாரு.”

அவர் முகம் மாறியது. ஸ்பேனர் பிடித்த அந்தக் கை கதவு நிலையைப் பிடித்தது.

“எங்கூடவா?”

பொய் சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை.

“தனியா போனேன்னாருப்பா.”

அப்பா மெல்லத் தலையாட்டினார், எதிர்பார்த்திருந்த ஒன்று சரியாகிவிட்டது போல.

“அப்ப அவன் வேற ஒருநாள் போயிருப்பான். நான்தான் மாத்தி நெனச்சிட்டேன் போல. ஒங்கம்மாகூட ஞாபகமில்லங்குறா.”

உள்ளே அம்மா மணி அடித்துக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சு கேட்காத தூரம் இல்லை.

“அவர் ஒங்ககூடத்தான்ப்பா வந்தாரு. நான் பாத்தேன். நான்தான் அட்ட எடுத்தேன். கால்ல வெள்ள மண்ணு இருந்துச்சு.”

அப்பா சிரித்தார். என் தலையில் கையை வைத்தார்.

“சின்னப் புள்ள நீ பாப்பா,” என்றார். “ஒனக்கு என்னா தெரியும்.”